முறை வைக்காத கிணறு

உடுப்பிட்டியில் எங்கள் தோட்டக் கிணறு நாலு பேருக்குப் பங்கு. இறைப்பு முறை மாறினால் வாய்ச் சண்டை வேலி தாண்டும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், முறையே வைக்காமல் ஒரு கடைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன்.

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குக் கேக்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியும் அனுப்புகிற இணையக் கடை அது. பரிசுக் கூப்பனும் உண்டு. கூப்பனில் காசு இருக்கிறதா என்று நிரல் முதலில் பார்க்கும். பிறகு ஓடரைப் பதியும். கடைசியில்தான் காசைக் கழிக்கும். பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் இடையில் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் அதே கூப்பனோடு இன்னொரு ஓடர் அந்த இடுக்கில் நுழைந்துவிட்டால், அதற்கும் காசு முழுதாகவே தெரியும். என் மடிக்கணினியில் நான் ஒருவன், ஒரு விரல். சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது.

தெரியாமல் செய்த பிழை இல்லை. 2014இல் ஃபிளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் நிறுவனம் இதே ஓட்டையால் 896 பிட்காயினைப் பறிகொடுத்து இழுத்து மூடியதை வாசித்திருந்தேன். அடுத்த வருடம் எகோர் ஹோமகோவ் என்ற ஆய்வாளர், ஸ்டார்பக்ஸ் பரிசு அட்டைகளுக்கிடையே ஒரே நொடியில் இரண்டு தரம் காசு மாற்றி, 15 டொலரை வைத்து 16.70 டொலருக்குச் சாமான் வாங்கிக் காட்டினார். அதைக் கூட்டாளிகளுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னவன் நான். எங்கள் கடைக்கு எவன் மெனக்கெட்டு வரப்போகிறான் என்ற நினைப்பு.

வந்தான். 5,000 ரூபாய்க் கூப்பன் ஒன்றில், ஒரே நொடியில், நாலு ஓடர். பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு இடித்தது.

“தம்பி, ஓடர் பதியிற பிள்ளை ஏதும் பிழை விட்டிட்டாளோ?” என்று முதலாளி கேட்டார்.

“இருக்கலாம் அண்ணை” என்றேன்.

அன்றிரவே பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நாலு ஓடரும் ஒன்றின் முதுகில் ஒன்று நின்றன. திருத்த இருபது நிமிடம் போதுமாயிருந்தது. 'காசு போதுமானால் மட்டும் கழி' என்று பார்ப்பதையும் கழிப்பதையும் ஒரே கட்டளையாக்கி, கழிபடாவிட்டால் ஓடரைத் தள்ளிவிடச் சொன்னேன். அப்படி எழுதினால் தரவுத்தளமே ஒருவர் பின் ஒருவராக முறை வைத்துவிடும். முதலாளியிடம் “சின்ன அப்டேட் ஒண்டு” என்றேன். அதற்குக் காசும் வாங்கினேன்.

கூப்பனில் நான் கழிக்கத் தவறிய 15,000 ரூபாயை அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் மூன்று மாதம் கழித்தார்கள். நாலாம் மாதம் அவள் வேலைக்கு வரவில்லை.

போன கிழமை 15,000 ரூபாயோடு போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. காசை எண்ணி, திரும்ப என் பக்கமே தள்ளினார்.

“உதைப் பிள்ளையிட்ட ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?”

அவளுடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. காசு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.