எந்தத் தோள்?

என் தங்கையின் மகள் இடக்கைக்காரி. எழுதுவது, பந்தெறிவது, பூட்டுத் திறப்பது எல்லாம் இடக்கைதான். சாப்பாடு மட்டும் வலக்கை. அது என் தாயார் இலைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த வெற்றி.

இந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்த கையோடு, பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டில் ஆசை வைத்துவிட்டாள். டிராப் என்று பெயர். 2024-ல் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போய் ஆடினாரே, அதுதான். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு தட்டு எகிறிப் பாயும். எந்தப் பக்கம் பாயும் என்று முன்கூட்டித் தெரியாது. அதை உடைக்க வேண்டும். களிமண் தட்டு என்று பேரே தவிர அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்த்தது. அகலம் 11 சென்டிமீட்டர். ஒரு காலத்தில் தட்டுக்குப் பதில் உயிருள்ள புறாவையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900-ல் பாரிஸில் நடந்த ஒலிம்பிக்கில்கூட அப்படி ஒரு போட்டி இருந்தது. தட்டு வந்ததே, புண்ணியம்.

பெண்ணின் தகப்பனார், அதாவது எங்கள் மாப்பிள்ளை, கணக்கு வழக்கில் கறாரானவர். ஆனால் மகள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. இந்த இரண்டு குணமும் ஒரே மனிதரிடம் இருப்பதால் அவர் படுகிற அவஸ்தையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். விளையாட்டை விட்டுவிட்ட ஒருவரிடம் இத்தாலியத் துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்தது. நல்ல நிலையில் இருந்தது, விலையும் நியாயம். ஒரே ஒரு குறை, அது வலக்கைக்காரருக்குச் செய்தது.

"அதனால் என்ன, மச்சான்? இரண்டு மாசம் பழகினால் வலது தோள் தானே வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு வரவில்லையா?" என்றார் மாப்பிள்ளை. "எதற்கும் நீங்கள் ஒரு நடை வந்து பார்த்துச் சொல்லுங்கள். நம் வீட்டில் துப்பாக்கி பிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்."

நான் துப்பாக்கி பிடித்தது உண்மை. 1968-ல், 14 வயதில், ஒரே ஒரு நாள்.

பெரியப்பா மேகமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பெரியப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்திய காலம். கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் பெரியப்பா அந்தத் துப்பாக்கியோடு பரண்மேல் காவலிருப்பார். நானும் பிறவியில் இடக்கைக்காரன். என் இடக்கை இலையில் பட்டால் கரண்டிக் காம்பால் அதன்மேல் தட்டுவதும் அதே பெரியப்பாதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ரூல்தடியால் செய்ததை வீட்டில் இவர் செய்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் பேனாவை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றும் வலக்கையால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தால் அச்சுக் கோக்கிறவர்கள் ஒரு காலத்தில் அழுவார்கள்.

கோடை விடுமுறையில் ஒருநாள், "சுட்டுப் பார்க்கிறாயா?" என்று பெரியப்பா கேட்டார். பனங்கட்டைமேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். துப்பாக்கியை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் வேறொரு காரியம் செய்தார். பத்தடி தள்ளி எனக்கு எதிரே நின்று, கண்ணுக்கு நேராக ஒரு விரலை உயர்த்தி, "இதைச் சுட்டிக் காட்டு" என்றார். நான் கையை நீட்டினேன். எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. பிறகு, "வலது தோளில் வை" என்றார்.

இங்கேயும் வலதா என்று எனக்குள் ஏதோ மூண்டது. அவர் பின்னால் நகர்ந்ததும் இடது தோளில் வைத்துச் சுட்டேன். கன்னத்து எலும்பில் செங்கல்லால் அடித்த மாதிரி விழுந்தது. சட்டி அப்படியே இருந்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கள்ளிச்செடி கிழிந்து பால் வடிந்தது. அடுத்த தோட்டாவும் இடது தோளில்தான். அதுவும் வலப்பக்கமே போயிற்று. பெரியப்பா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "உனக்கு இது வராதப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கன்னம் நாலு நாள் நீலம் பாரித்திருந்தது.

1985-ல் இதை ஒரு சிறுகதையாக எழுதினேன். கதையில் வருகிற பெரியப்பா நல்லவர் அல்ல. கதை பத்திரிகையில் வந்து, பலர் பாராட்டி, தொகுதியிலும் சேர்ந்தது. பெரியப்பா அதைப் படித்தார் என்று பெரியம்மா பிற்பாடு சொன்னாள். என்னிடம் அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 1991-ல் காலமாகிவிட்டார்.

மாப்பிள்ளை கூப்பிட்டதும் நான் அத்தனை ஆவேசமாகக் கிளம்பியதற்குக் காரணம் இதுதான். ஒரு பெண் குழந்தையின் தோளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அறிவோடு வாதாட வேண்டுமே என்று இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

படிக்கப் படிக்க வேடிக்கையாக இருந்தது. கத்திரிக்கோலில் வலது இடது உண்டு என்று தெரியும். துப்பாக்கி நேர்க்கோடு மாதிரி இருக்கிறதே, அதில் என்ன வலது இடது என்று தோன்றும். அது நேர்க்கோடே அல்ல. தோளில் வைக்கிற மரக்கட்டை குழலுக்கு நேர் பின்னால் போவதில்லை. வலக்கைக்காரருக்குச் செய்ததானால் வலப்பக்கம் ஒரு நூலளவு ஒதுங்கியிருக்கும். 'காஸ்ட்' என்று அதற்குப் பெயர். வலது கன்னத்தைக் கட்டைமேல் வைத்தால் வலது கண் தானாகக் குழலின் நடுவுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதே கட்டையை இடக்கைக்காரன் எடுத்தால் மரம் அவன் கன்னத்தின் மேலேயே வந்து முட்டும். என் நீலக் கன்னத்துக்குக் காரணம் ஐம்பது வருஷத்துக்குமேல் கழித்து எனக்கு விளங்கியது.

இந்த நூலளவுக்கு என்ன அவ்வளவு முக்கியம்? ரைபிளுக்குக் குறி பார்க்க முன்னால் ஒரு முளை, பின்னால் ஒரு காடி உண்டு. ரவைத் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு சிறு மணி மட்டும். பின்குறி நம் கண்தான். கண்ணுக்கும் மணிக்கும் ஏறக்குறைய ஒரு கஜ தூரம். ஆகவே கண் கால் அங்குலம் விலகினால் 40 கஜத்துக்கு அப்பால் ரவை பத்து அங்குலம் விலகிவிடும். தட்டின் அகலமோ நாலரை அங்குலம்கூட இல்லை.

இன்னும் சில்லறை விஷயங்கள் உண்டு. பழைய இரட்டைக் குழலில் இரண்டு விசை. முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் வெடிக்கும்; இடக்கைக்காரருக்கென்றே செய்தால் இதை மாற்றிவிடுவார்கள். திறக்கும் நெம்பு வலது கட்டைவிரல் தள்ளுவதற்குத் தோதாக வலப்பக்கம் திரும்பும். தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வெடித்த தோட்டாவை வலப்பக்கம் துப்புகின்றன. இடத்தோளில் வைத்தவனுக்கு அது மூக்குக்கு முன்னால் குறுக்கே பறக்கும்; கரியும் புகையும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் 1937-ல் வந்த இதாக்கா 37 என்ற துப்பாக்கி கீழ்ப்பக்கமாகத் துப்பும். இடக்கைக்காரர்கள் அதைத் தேடி வாங்கியதில் ஆச்சரியமில்லை. ஒரு குழலின்மேல் இன்னொன்றாக அடுக்கிய துப்பாக்கியில் இந்தத் தொல்லைகள் மிகவும் குறைவு. ஒரே விசை, பூட்டு நடுமுதுகில். கட்டை ஒன்றுதான் சங்கடம். மாப்பிள்ளைக்கு விலைக்கு வந்தது இந்த ரகம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் செய்த ஒரு விசித்திரக் கட்டை. வலக்கண் போய்விட்டது, ஆனால் வலது தோளை விட மனமில்லை என்கிற மனிதருக்காக, பாம்பு வளைகிற மாதிரி கட்டையை வளைத்து, குழலை இடக்கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மரத்தைத்தான் வளைத்தார்கள், மனிதனை அல்ல என்று மாப்பிள்ளையிடம் சொல்வதற்காக இந்த வாக்கியத்தை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

சுடுமிடத்தில் பயிற்சி கொடுப்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் வாக்கியத்தை முழுதும் கேட்டுவிட்டு, "சரி சார். கையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கண்" என்றார். பெண்ணைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். தம் கண்ணுக்கு நேராக ஒரு விரலை உயர்த்தினார். "இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு இதைச் சுட்டிக் காட்டம்மா" என்றார். இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இடது கண். பாப்பாவுக்கு இடது தோள்தான். இதில் பேச்சே கிடையாது" என்று அவர் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கை எதுவாக இருந்தாலும் நமக்கு ஒரு கண்தான் எஜமான். சுட்டும் விரல் அந்தக் கண்ணுக்குக் கீழே போய் நிற்கும். எதிரே நிற்பவருக்கு அது தெரியும். பத்துப் பேரில் ஒருவர் இடக்கை. இடக்கண்காரரோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆகவே கையும் கண்ணும் மாறிப் பிறந்தவர்கள் நிறைய. புதிதாகப் பழகுகிறவனானால் கண் இருக்கிற பக்கத்துத் தோளைக் கொடுத்துவிடுவது நல்லது. இதெல்லாம் அவர் சொன்னது. நான் பாதிதான் கேட்டேன்.

"எனக்குப் பாருங்கள்" என்றேன்.

பார்த்தார். "உங்களுக்கு வலது கண் சார். சின்ன வயசில் இடது தோளில் சுட்டீர்களா? ரவை எந்தப் பக்கம் போயிற்று?"

"வலப்பக்கம்."

"போகும். கட்டையும் அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கும், கண்ணும் அந்தப் பக்கம்தான் இழுத்திருக்கும். யாராவது விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் வலது தோளில் வைக்கச் சொல்லியிருப்பார்."

"பார்த்தீர்களா மச்சான்?" என்று மாப்பிள்ளை சிரித்தார். அவருக்குக் கதை தெரியாது. தங்கைக்குத் தெரியும், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

பெரியப்பா அதைத் துரையிடம் கற்றிருக்க வேண்டும். இலையில் இடக்கை பட்டதற்குத் தட்டியவரும், பனங்கட்டை ஓரத்தில் நின்று என் கண்ணைச் சோதித்தவரும் ஒரே மனிதர்தான். கரண்டிக் காம்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நாளுக்கும் கரண்டிக்கும் சம்பந்தமில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை அவர் விளக்கியிருக்கலாம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் விளக்கவா செய்தார்கள்? நானும் கேட்கவில்லை.

துப்பாக்கி விவகாரம் சுலபமாகத் தீர்ந்தது. அடுக்குக் குழலில் கட்டை ஒரே ஒரு நீளத் திருகாணியில் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு இடக்கைக்குச் செய்த கட்டையை மாட்டிக்கொள்ளலாம். துப்பாக்கி விலையோடு பார்த்தால் கட்டை விலை பெரிதல்ல என்றதும் மாப்பிள்ளையின் இரண்டு குணங்களும் சமாதானமாகிவிட்டன. உரிமத்துக்காக நடந்த நடையைப் பற்றி எழுதினால் தனி நாவல் வேண்டும். கட்டை வந்து சேர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பெண் கூப்பிட்டு, "மாமா, இருபத்தைந்துக்குப் பதினேழு!" என்றாள். கன்னத்தில் வலி இருக்கிறதா என்று கேட்டேன். "எதற்கு வலிக்க வேண்டும்?" என்றாள்.

அந்தச் சிறுகதைத் தொகுதி மறுபடி அச்சாகிறது. பிழை திருத்தச் சொல்லிப் பதிப்பகத்தார் காகிதங்களை அனுப்பியிருந்தார்கள். கதையையே எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், சட்டி, கள்ளிப்பால், கன்னம் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும், 'பெரியப்பா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேலியாக அவனைப் பார்த்தார்' என்று இருந்தது. 'கேலியாக' என்பதை அடித்துவிட்டு அனுப்பினேன்.