பாகப்பிரிவினை (சிவாஜி படம் இல்லீங்க!)

ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்குச் சொல்லப் போறதும் ஆணி புடுங்கின கதைதான். பொட்டி தட்டாதவங்க பயந்து ஓடிடாதீங்க, உங்களுக்கும் புரியும்.

எங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும் நிலத்தைப் பாகம் பிரிச்சப்போ பத்திரத்துல 'கிணறு பொது'ன்னு எழுதினாங்க. கிணத்துக்குப் போற பாதைய எழுத மறந்துட்டாங்க. அந்த ஒரு வரி இல்லாததால ரெண்டு வீட்டுக்கும் 11 வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது.

போன மாசம் நானும் அதே தப்பைப் பண்ணினேன். நிலத்துல இல்ல, டெபியன் பேக்கேஜ்ல.

ஆபீஸ்ல ரிப்போர்ட் அடிக்கிற புரோகிராம் ஒண்ணு. அதுவும் அதோட ஃபான்ட், டெம்ப்ளேட் எல்லாமும் ஒரே பேக்கேஜா இருந்துச்சு. புரோகிராம் வாராவாரம் மாறும், மத்தது அப்படியே கிடக்கும். எதுக்கு முழு மூட்டையையும் ஒவ்வொரு தடவையும் தூக்கணும்னு, 1.4-2ல டேட்டாவைத் தனி பேக்கேஜா பிரிச்சேன். புரோகிராமுக்கு 'டிபெண்ட்ஸ்' வரியில டேட்டா பேரைப் போட்டேன். புது மெஷின்ல ஜம்முனு ஓடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிட்டேன். (ஆமா, வெள்ளிக்கிழமை. திட்டாதீங்க.)

ராத்திரி 10 மணிக்கு போன். எல்லா சர்வர்லயும் அப்டேட் பாதியில நிக்குது. டிபிகேஜி சொன்னது இதுதான்: நீ எழுத வர்ற ஃபைல் ஏற்கனவே இன்னொரு பேக்கேஜோட சொத்து. நியாயம்தானே? பழைய புரோகிராம் பேர்லதான அந்த டெம்ப்ளேட்டுக்கு இன்னும் பட்டா இருக்கு!

'ஃபோர்ஸ் ஓவர்ரைட்'னு ஒரு குறுக்கு வழி இருக்கு. அதைத் தட்டப் போனப்ப எங்க சீனியர் தடுத்துட்டார். "டேய், அது ஆள் வச்சு வேலி போடுற மாதிரி. பத்திரத்தைத் திருத்து"ன்னார்.

டேட்டா பேக்கேஜ்ல ரெண்டு வரி சேர்க்கணும். 'ரீப்ளேசஸ்': 1.4-2க்கு முந்தின புரோகிராம்கிட்ட இருந்து இந்த ஃபைல்களை நான் எடுத்துக்கிறேன். 'பிரேக்ஸ்': அந்தப் பழைய புரோகிராமும் நானும் ஒண்ணா இருக்க மாட்டோம், அதை முதல்ல புதுசாக்கு.

முதல் வரி மட்டும் போதாதான்னு கேட்டேன். போதாதாம். பழைய புரோகிராமை வச்சுக்கிட்டே ஒருத்தன் டேட்டாவைப் போட்டு, அப்புறம் அதை அழிச்சான்னா, ஃபைல் ரெண்டு பேர்கிட்டயும் இருக்காது. 'பிரேக்ஸ்'ல வெர்ஷன் போடாம விட்டா அதைவிட மோசம். புது புரோகிராமுக்கும் கதவைச் சாத்திடும். டேட்டா இல்லாம புரோகிராம் வராது, டேட்டா இருந்தா புரோகிராம் வரக்கூடாது. எப்படி இருக்கு கதை!

ராத்திரி ஒண்ணரைக்கு எல்லாம் சரியாச்சு. கிளம்புறப்ப சீனியர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "பழசு இருக்கிற மெஷின்ல ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தியா?"

பார்க்கல. புதுசா வர்றவனுக்குப் பிரிவினையே தெரியாது, அவனுக்குப் பிரச்சினை இல்ல. பழசை வச்சுக்கிட்டு இருக்கிறவனுக்குத்தான் பாதை வேணும். அந்த ரெண்டு வரியையும் சீக்கிரம் தூக்கிடக் கூடாது. டெபியன்ல ஒரு ஸ்டேபிள்ல இருந்து அடுத்த ஸ்டேபிளுக்குத் தாவுறவங்க ரெண்டு வருஷம் கழிச்சும் வருவாங்க.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணி, கிணத்துப் பாதைய கடைசியில எப்படித் தீர்த்தாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். "திருத்தல் பத்திரம் போட்டோம்டா, ஒரே வரிதான்"னார்.

அதுக்குத்தான் 11 வருஷம்.