எட்வர்டின் அக்கறை

ட்வைலைட் எனக்குப் பிடிக்காது என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சொன்னதும் பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால், அதில் பாதிப் பேரோடு சேர்ந்து டீ குடிக்கக்கூட எனக்கு மனசில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பெல்லா ஸ்வானுக்கு வயது பதினேழு. வெயில் ஊரான ஃபீனிக்ஸிலிருந்து, எப்போதும் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, போலீஸ்காரரான அப்பாவோடு இருக்க வருகிறாள். ஃபோர்க்ஸ் நிஜமான ஊர்தான், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே அவளோடு படிக்கும் எட்வர்ட் கல்லென் ஒரு வாம்பயர். 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை இன்னொரு வாம்பயர் கடித்து வைக்க, அன்றிலிருந்து அவனுக்குப் பதினேழு வயதே. உலகத்தில் வேறு எந்த ரத்தத்தையும்விட பெல்லாவின் ரத்தம் அவனைச் சுண்டி இழுக்கிறது. அதனால் விலகிப் போகிறான், அதனாலேயே நெருங்கியும் வருகிறான். நடுவில் ஓநாயாக மாறும் ஜேக்கப். 2005இல் தொடங்கி 2008இல் முடிந்த நான்கு நாவல்கள், பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. எழுதிய ஸ்டெஃபனி மேயருக்கு அது முதல் நாவல். 2003 ஜூனில் கண்ட ஒரு கனவில் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, பிடிக்காதவர்கள். முதலில் வருபவர்கள் வாம்பயர் சுத்தவாதிகள். 'வாம்பயர் வெயிலில் ஜொலிக்குமா? சாம்பலாகத்தானே போகும்?' என்பது இவர்களுடைய தீராத ஆத்திரம். எனக்கு இதில் துளியும் அனுதாபம் கிடையாது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா, 1897இல், பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டால் வாம்பயர் அழிந்துபோகும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப்படம். ஒருவர் வெயிலில் கொல்லலாம் என்றால் இன்னொருவர் ஜொலிக்க வைக்கலாம். பேய்க்கு ஏது இலக்கணம்?

அடுத்து மொழிநடையைக் குறை சொல்பவர்கள். இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எட்வர்டின் முகம் பளிங்கு, உடம்பு சிலை, குரல் தேன் என்று பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தாமல் மேயரால் இருக்க முடியாது. ஸ்டீபன் கிங் 2009இல் ஒரு பேட்டியில், மேயருக்கு எழுத வரவில்லை என்று பட்டென்று சொல்லிவிட்டார். ஆனால் அதே பேட்டியில், இந்தப் பெண்பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் அவர் புரிந்துகொண்டு பேசினார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நான் டீ குடிக்க விரும்பாதவர்கள் மூன்றாவது கூட்டம். இவர்களில் பலர் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. இவர்களுக்கு உண்மையில் பிடிக்காதது, தியேட்டரில் கூச்சல் போடும் பதினாலு வயசுப் பெண்கள்தான். பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கத்தினால் ஆர்வம், பெண்கள் ஒரு கதைக்குக் கத்தினால் பைத்தியம். முதல் படத்தை இயக்கிய கேத்தரின் ஹார்ட்விக் ஒரு பெண். படம் எல்லோரும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சம்பாதித்தது. அடுத்து வந்த நான்கு படங்களையும் இயக்கியவர்கள் ஆண்கள். இதையும் சேர்த்து யோசித்தால், அந்தக் காலத்துக் கேலியில் எவ்வளவு புத்தகத்தைப் பற்றியது, எவ்வளவு பெண்களைப் பற்றியது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் உண்மையிலேயே நடக்கிறது. ஒரு பெண் ஒரு ஆணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கண்ணெடுக்காமல், வெட்கமில்லாமல், முந்நூறு நானூறு பக்கத்துக்கு. பதின்வயதில் நாம் பார்க்கப்படுவதற்கு மட்டுமே பழகியிருப்போம். பெண் பார்ப்பதை மட்டுமே வைத்து ஓடும் கதை கையில் கிடைத்தால் யாரும் கீழே வைக்க மாட்டார்கள். இரண்டாம் புத்தகத்தில் எட்வர்ட் விட்டுவிட்டுப் போனபின், மாதத்தின் பெயரைத் தவிர ஒன்றுமே அச்சிடாத பக்கங்கள் வரும். அக்டோபர், நவம்பர் என்று ஜனவரி வரை. மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். எழுத வராது என்று சொல்லப்பட்டவர் எழுதாமல் விட்ட பக்கங்கள்!

அப்படியானால் எனக்கு ஏன் பிடிக்கவில்லை? அதற்கு விடுதிக் கதையைச் சொல்ல வேண்டும்.

2009இல் கோவையில் நாலு பேர் ஓர் அறை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, பாதி எழுத்து மங்கிய பிரதிகள்தான் எங்கள் நாலு பேருக்கும். இரண்டு கைகள் ஓர் ஆப்பிளை ஏந்தியிருக்கும் அந்த அட்டை மட்டும் எப்படியோ பளிச்சென்று இருந்தது. என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில்காரிதான் எங்களில் பெரிய எட்வர்ட் பக்தை. அவளுக்கு அப்போது ஒரு ஆள் இருந்தான். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவான். லைன் பிஸியாக இருந்தால் யாரிடம் பேசினாய் என்று அரைமணி நேரம் விசாரணை. சில நாள் என் கையில் போனைக் கொடுப்பாள். "ஆமாங்க, ரூம்லதான் இருக்கா" என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். வைத்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். "என் ஆளு ரொம்ப பொசசிவ்டி."

இந்த பொசசிவ் என்ற சொல் நம்மிடம் வந்து என்னவாகிவிட்டது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் அது புகார். நம் ஊர் வாயில் விழுந்ததும் பட்டமாகிவிட்டது. புது வளையலைக் காட்டுவதுபோலக் காட்டுவோம். அதைத் தமிழில் கேட்டால் 'அக்கறை' என்பார்கள்.

இறுதியாண்டில் அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தைய வாரம் அவன் வந்து, "நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைலை வாங்கிக்கொண்டு போனான். சேர வேண்டிய தேதி தாண்டிய பிறகுதான் ஃபைல் திரும்பி வந்தது. கம்பெனிக்காரன் காத்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவளைவிட அதிகமாகக் கத்தினோம். அவள் அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், பிறகு சொன்னாள்: "என்னய விட்டுட்டு அவனால இருக்க முடியாதுடி."

அந்த மாதம்தான் நான் மூன்றாம் புத்தகமான எக்லிப்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஓர் இடம். பெல்லா ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்புகிறாள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எட்வர்ட் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். ஓநாய்கள் ஆபத்தானவை, அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். அக்கறை! பெல்லாவுக்குக் கோபம் வருகிறது, அன்றிரவு ஜன்னலைச் சாத்துகிறாள். கொஞ்ச நேரத்திலேயே திறந்தும் விடுகிறாள். இன்னொரு முறை அவன் ஊரில் இல்லாதபோது அவளை வீட்டிலேயே வைத்திருக்கத் தன் தங்கை ஆலிஸிடம் பொறுப்புக் கொடுக்கிறான். கூலி, ஒரு மஞ்சள் நிற போர்ஷே கார். அந்தக் காட்சி நகைச்சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. நான் எதிர்க்கட்டிலைப் பார்த்துக்கொண்டு படித்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்தப் புத்தகம் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவளிடம் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. வேண்டாம் என்ற பெண்ணின் பின்னாலேயே சுற்றி ஜெயிக்கும் நாயகர்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோருமே வளர்ந்தோம். மேயர் அதற்கு நூற்றாண்டு வயதும், பியானோ வாசிக்கும் விரல்களும், யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணமும் கொடுத்தார். என் புகார் அந்தக் காரணத்தின் மேல்தான். நிஜ வாழ்க்கையில் சர்டிபிகேட்டைப் பிடுங்குபவனுக்கு ஒரு சாக்குத்தான் இருக்கும். எட்வர்டுக்கு ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வாம்பயர் அவளைக் கொல்ல நிஜமாகவே வருகிறது. அவன் கட்டுப்படுத்தியது சரி என்று கதை அடுத்த அத்தியாயத்திலேயே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. இப்படி ஓர் உலகத்தைக் கட்டி வைத்துவிட்டால் எந்தக் காதலனும் தப்பானவன் இல்லை.

ஜேக்கப் மட்டும் என்ன வாழ்கிறான்? அதே புத்தகத்தில் பெல்லாவை வலுக்கட்டாயமாக முத்தமிடுகிறான். அவள் ஓங்கிக் குத்துகிறாள். அடி வாங்கியவனுக்கு ஒன்றும் இல்லை, அவள் கைதான் உடைகிறது. வீட்டுக்கு வந்தால் அவளுடைய அப்பா, ஊரின் போலீஸ் தலைவர், பையனைப் பாராட்டுகிறார். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் சாம் ஒரு கணம் கட்டுப்பாட்டை இழந்ததில் எமிலியின் முகத்தில் வாழ்நாள் தழும்பு. கதை அவளுக்காக வருந்துவதைவிட அவனுடைய குற்ற உணர்ச்சிக்காக அதிகம் வருந்துகிறது. நாலாம் புத்தகத்தில், அப்போதுதான் பிறந்த குழந்தையோடு ஜேக்கப்புக்கு விதி முடிச்சுப் போடுகிறது. வளரும்வரை அண்ணன் மாதிரி இருப்பானாம், தப்பில்லையாம்.

மேயர் இந்த விமர்சனங்களைக் கேட்காமல் இல்லை. பெல்லா பெண் என்பதால் தவிக்கவில்லை, வாம்பயர்கள் நடுவில் மாட்டிய மனிதப்பிறவி என்பதால்தான் என்று காட்ட, 2015இல் ஆண் பெண் பாத்திரங்களை மாற்றி அதே கதையை மறுபடி எழுதினார். படித்தேன். தூங்கும் பையனை ஒரு பெண் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த அறையில் இருக்கும் பயம் வேறு மாதிரி இருக்கிறது. சோதனை அவர் நினைத்ததற்கு நேரெதிரான விடையைத்தான் எனக்குத் தந்தது. 2020இல் வந்த மிட்நைட் சன்னில் முதல் கதையை எட்வர்டே சொல்கிறான். பெல்லாவின் ஜன்னல் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் போடுகிறான். தான் செய்வது கேவலம் என்று அவனுக்கே தெரியும், பக்கம் பக்கமாகத் தன்னைத் திட்டிக்கொள்கிறான். மறுநாள் ராத்திரியும் போகிறான். எனக்கு அந்தப் புத்தகம்தான் உள்ளதில் நேர்மையானது என்று படுகிறது, எழுதியவர் அப்படி நினைத்திருப்பாரா தெரியாது.

இன்னொரு கோபம் எனக்குப் பிற்பாடு வந்தது. ஜேக்கப்பின் இனமான க்வில்யூட் கற்பனை அல்ல. லா புஷ் என்ற கடலோரத்தில் இன்றும் வாழும் மக்கள். முதல் மனிதர்கள் ஓநாய்களிலிருந்து உருமாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. குளிர் உடம்புக்காரர்களோடு பகை, உடன்படிக்கை எல்லாம் மேயர் ஒட்டவைத்தது. அவர்களுடைய நிஜக் கதை அதைவிடப் பயங்கரமானது. 1889இல் ஊரார் வேலைக்காக வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு வெள்ளைக் குடியேறி அவர்களுடைய வீடுகளை எரித்தான். மிஞ்சியது கடலோரமாக ஒரு சதுர மைல். சுனாமி வந்தால் பள்ளிக்கூடம் உட்பட எல்லாம் போய்விடும் என்று பயந்து, மேட்டு நிலத்துக்காகப் பல வருடம் போராடி, 2012இல்தான் அதற்கான சட்டம் வந்தது. அவர்கள் பெயரை அச்சிட்ட சட்டைகளும் நகைகளும் அதற்கு முன்பே உலகம் பூராவும் விற்றுக்கொண்டிருந்தன, அந்த லாபம் வேறு யாருக்கோ போனது. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, எது நிஜம் எது ட்வைலைட் என்று தனியாக விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அவர்களுடைய மொழியில் மெல்லின ஒலிகளே கிடையாது என்று படித்தபோது கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன். ஙஞணநமன இல்லாமல் ஒரு மொழி! நாலு நாவலில் அதைப் பற்றிய வியப்பு ஓர் இடத்திலாவது வந்திருக்கலாம். பையன்கள் சட்டை போடாமல் சுற்றுவதற்கு இருந்த இடம் அதற்கு இல்லாமல் போய்விட்டது.

இப்போது என் அக்கா பெண்ணுக்குப் பதினைந்து. போனில் மூன்றாம் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முந்திக்கொண்டாள். "சித்தி, எல்லாரும் இத கிரிஞ்ச்னு கலாய்க்கிறாங்க. நீங்களுமா?" கலாய்க்கவில்லை என்றேன். கலாய்த்தால் புத்தகத்தை மூட மாட்டாள், என்னிடம் பேசுவதைத்தான் நிறுத்துவாள். அது எனக்குக் கட்டுப்படியாகாது.

எஞ்சின் வரும் இடம் தாண்டியாச்சா என்று மட்டும் கேட்டேன்.

"தாண்டிடுச்சு. செம்ம கோவம் வந்துச்சு எனக்கு. ஆனா அப்புறம் அவன் விட்டுட்டான்ல சித்தி, இனிமே நீ போலாம்னு சொல்லிட்டான்ல?"

சொல்லிவிட்டான்தான், புத்தகத்தில் இருக்கிறது. அவளோடு வாதாட என்னிடம் நிறைய இருந்தது. அந்த சர்டிபிகேட் ஃபைல் இருந்தது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, லியாவைப் பற்றிக் கேட்டேன். லியா கிளியர்வாட்டர், கூட்டத்தின் ஒரே பெண் ஓநாய். சாமின் பழைய காதலி. விதி அவனை அவளுடைய சொந்தக்காரி எமிலியோடு முடிந்துவிட்டதால் ஒரே நாளில் கைவிடப்பட்டவள். அவன் மனசுக்குள் ஓடுவதெல்லாம் தன் மனசிலும் கேட்கும்படி அவனுடனேயே ஓட வேண்டியவள். எல்லோரும் அவளைச் சிடுமூஞ்சி என்கிறார்கள்.

"அய்யோ அவளா? எப்பப் பாரு எரிஞ்சு எரிஞ்சு விழுவா."

"ஏன் விழறான்னு நாலாவது புக்ல அவளே சொல்லுவா."

"அவளுக்கு யாராச்சும் கெடைப்பாங்களா?"

"படி. அந்த எடம் வர்றப்ப எனக்குக் கூப்பிடு. ராத்திரி ஆனாலும் பரவால்ல."