சாரல் பாதையும் இரட்டைக் கிளட்சும்



கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வலுக்கத் தொடங்கினால் தென்காசியின் முகமே மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று மேகத்தை இழுத்து வரும். மழையென்றும் பனியென்றும் சொல்ல இயலாத மெல்லிய தூறல் முகத்தில் வந்து படியும். இதைத்தான் இப்பகுதி மக்கள் 'சாரல்' என்கிறார்கள். அருவிகளில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி கிடைத்ததும் கடையநல்லூர், புளியங்குடி, மேலப்பாளையம், காயல்பட்டினம் என்று நம் ஊர்களிலுள்ள பிள்ளைகள் பெற்றோரை நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் வாடகை அம்பாசிடரிலோ வேனிலோ பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு குற்றாலம் போனோம். இன்று பல வீடுகளின் வாசலில் சொந்தக் கார் நிற்கிறது. அவற்றில் கணிசமானவை வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கார்கள். கியர் போடும் வேலையில்லாத 'ஆட்டோமேட்டிக்' வண்டிதான் வேண்டுமென்று விரும்பி வாங்குவோரும் பெருகிவிட்டனர்.

குற்றாலத்தின் அழகை எழுதியோர் பலர். அந்தச் சாலைகள் ஒரு காரின் உள்ளுறுப்பை எப்படிச் சோதிக்கின்றன என்பதை நான் சென்ற சாரல் காலத்தில் நேரில் கண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வது சில குடும்பங்களின் சேமிப்பையாவது காக்கும் என்று நம்புகிறேன்.

வரிசையில் நின்ற வண்டி

என் தங்கையின் கணவர் பதினான்கு ஆண்டுகள் ஷார்ஜாவில் பணியாற்றித் திரும்பியவர். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு தென்காசியிலிருந்து புறப்பட்டோம். குற்றாலம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்குள்தான். நெடுஞ்சாலையில் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடியது.

பேரருவியில் அன்று குளிக்கத் தடை. மலையில் பெய்யும் மழை சில நிமிடங்களில் அருவியை வெள்ளமாக்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. எனவே தடை விதிக்கப்பட்டால் முணுமுணுக்காமல் கீழ்ப்படிவதே அறிவுடைமை. ஆனால் ஓரிடத்தில் தடை என்றால் வாகனங்கள் அனைத்தும் அடுத்த அருவிக்குத் திரும்பும். ஐந்தருவிச் சாலையில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம்.

சிறு ஏற்றம் ஒன்றில் வண்டி உதறத் தொடங்கியது. "மச்சான், வண்டி நடுங்குதே!" என்றார் மைத்துனர். சிறிது நேரத்தில் கியர்பெட்டி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை முன்பலகையில் ஒளிர்ந்தது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு அருவி கிடைக்கவில்லை. சாலையோரத்து மங்குஸ்தான் பழமே அன்றைய ஆறுதலாயிற்று.

இரண்டு கைகளின் வேலை

ஆட்டோமேட்டிக் வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எண்ணெயின் சுழற்சியால் சக்தியைக் கடத்தும் பழைய முறை ஒன்று. பட்டையும் உருளையும் கொண்டது மற்றொன்று. சாதாரண கிளட்சையும் கியரையும் மனிதனுக்குப் பதிலாக இயந்திரமே இயக்குவது மூன்றாவது. இரட்டைக் கிளட்ச் முறை நான்காவது. மைத்துனரின் கார் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது.

அதன் தத்துவம் எளிமையானது. வலீமா விருந்தில் ஒருவர் ஒரு சஹனை வைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் மறு சஹனை ஏந்தி ஆயத்தமாக நிற்கிறார் அல்லவா? அதுபோல, ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 ஆகிய கியர்களைக் கவனிக்கும். மற்றது 2, 4, 6 ஆகியவற்றைக் கவனிக்கும். வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாவது காத்திருக்கும். ஒன்று விலக, மற்றது பற்றிக்கொள்ளும். சக்தி அறுபடுவதில்லை, எரிபொருளும் வீணாவதில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1930களின் இறுதியில் எண்ணிய இம்முறை, 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரின் மூலம் பெருமளவு உற்பத்திக்கு வந்தது.

இதில் ஈரவகை, உலர்வகை என்று இரண்டு உண்டு. ஈரவகையில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் நனைந்திருப்பதால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். உலர்வகையில் காற்று மட்டுமே சூட்டைத் தணிக்க வேண்டும். வண்டி ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் முழுமையாகப் பற்றாமல் பாதி உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூடு மிகுந்தால் தேய்மானம், தேய்ந்தால் நடுக்கம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது இவ்வகைக் காருக்குச் சிரமமே அன்று. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தில் ஊர்வதுதான் சிரமம்!

புளியரை ஏற்றத்தில்

மறுநாள் தென்காசியில் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றோம். அவர் பானட்டைத் திறக்கவேயில்லை. ஸ்கேனர் கருவியை எடுத்துக்கொண்டு, "வாங்க ஹஜ்ரத், புளியரைக்குப் போய்ட்டு வருவோம்" என்று புறப்பட்டார்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்து நிர்வாகத்தில் இருந்த ஊர். அதைக் கடந்தால் இருபுறமும் வயல்கள். எதிரே நீல மலை. எல்லைப் புரோட்டாக் கடைகளின் மணத்தைத் தாண்டிப் புளியரை வந்ததும், 'எஸ்' எழுத்தைப்போல் வளைந்து ஏறும் சாலை தொடங்குகிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் கொல்லம் நோக்கி முக்கி முனகி ஏறுகின்றன. மலைமடிப்பில் 1904இல் திறக்கப்பட்டு, 2018இல் அகலப்பாதையாக மாற்றி முடிக்கப்பட்ட இரயில்பாதை செல்கிறது.

மெக்கானிக் ஒரு லாரியின் பின்னால் வேண்டுமென்றே நெருங்கி ஊர்ந்தார். சில நிமிடங்களில் அதே நடுக்கம்! பிறகு நின்று, பிரேக்கை நன்றாக மிதித்து, லாரி ஐம்பது அடி முன்னேறும்வரை பொறுத்திருந்து ஒரே மூச்சில் சென்றார். நடுக்கம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. "ஓட்டுற முறை பாதி, தேஞ்ச கிளட்ச் பாதி" என்றார்.

அவர் சொன்ன ஓட்டும் முறைகளை உங்களுக்கும் சொல்கிறேன். நெரிசலில் முன்வண்டியை ஒட்டி ஊராதீர்கள். இடைவெளி விட்டுச் சேர்ந்தாற்போல் நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்து வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். நெடுநேரம் நிற்பதானால் கை பிரேக்கை இழுத்து நியூட்ரலில் வையுங்கள். இறக்கத்தில் கையால் கீழ்க் கியரைத் தேர்ந்து இறங்குங்கள். எச்சரிக்கை எரிந்தால் பிடிவாதம் வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வண்டியின் கையேடு கூறும் முறையில் ஆறவிடுங்கள்.

உலகம் கண்ட குறை

இது தென்காசிக்கு மட்டும் உரிய தொல்லையன்று. 2013 மார்ச்சில் சீனத்தில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 3,84,181 கார்களை இக்கியர்பெட்டிக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அவ்வாண்டு நவம்பரில் உலகெங்கும் ஏறத்தாழ 16 இலட்சம் கார்களில், ஏழு கியர் உலர்வகைப் பெட்டியின் செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றும் பணியை அறிவித்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் மின்கோளாறு நேரலாம் என்பதே காரணம். அத்தகைய தட்பவெப்பம் நம்முடையதும் அல்லவா?

ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிஃப்ட்' இரட்டைக் கிளட்ச் நம் நாட்டில் ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் போன்ற வண்டிகளில் வந்தது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வகைப் பெட்டி குறித்து ஆயிரக்கணக்கானோர் முறையிட்டனர். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்திற்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. முறையிட்ட வாடிக்கையாளர்களை அது நடத்திய விதமே வழக்கின் மையம். குறை கூறப்பட்டுத் திரும்பி வந்த கார்களை, அக்குறையைப் புதியவர்களுக்குப் போதிய அளவு தெரிவிக்காமல் விற்றதும் அதில் பேசப்பட்டது. இதைச் சற்று நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இதனால் இம்முறையே தீது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2013இல் வந்த போலோ ஜி.டி., 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூ, 2022இல் ஈரவகையில் வந்த டாடா ஆல்ட்ராஸ் என்று இவ்வகைக் கார்கள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆண்டு, வகை, ஓட்டியவரின் கை ஆகிய மூன்றையும் பொறுத்தே அவற்றின் ஆயுள் அமைகிறது.

வாங்குமுன் பாருங்கள்

இத்தகைய பழைய காரை வாங்க எண்ணுவோர், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். சமதரையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் உதறாமல் மெல்ல நகர வேண்டும். நெரிசலான தெருவில் அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறிய பின் மீண்டும் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். ஏற்றத்திலேயே பின்னோக்கியும் எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது தட்டுகிற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஸ்கேனர் வைத்துப் பழைய கோளாறுகளின் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ரசீதுகளை வரிசையாகக் கேளுங்கள். நிறுவனம் திரும்ப அழைத்த வண்டியானால் அப்பணி முடிந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொண்டு விசாரியுங்கள்.

2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிய வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற காரின் கியர்பெட்டியிலுள்ள மின்பாகங்கள் பின்னாளில் பழுதாகலாம். இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் அடியிலும் சேறும் துருவும் உண்டா என்று பாருங்கள். கேரளப் பதிவு வண்டியானால் தடையின்மைச் சான்று இன்றி முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்வது சட்டப்படி கட்டாயம்.

வாங்கிய பிறகு, ஈரவகைக்குக் கையேடு கூறும் கிலோமீட்டரில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றியாக வேண்டும். ஆறு கியர் ஈரவகைப் பெட்டி ஒன்றுக்கு இது ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர். குறிப்பிட்ட எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது. கிளட்சை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றி, கணினியில் புதிதாகப் பழக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவிகள் தேவை. கிளட்சும் அதை இயக்கும் மெக்கட்ரானிக் பகுதியும் சேர்ந்து பழுதானால் செலவு ஓர் இலட்சத்தைத் தாண்டிவிடும். எனவே காரின் விலையோடு அத்தொகையின் ஒரு பகுதியையும் ஒதுக்க இயலாதவர்கள் சாதாரண கியர் வண்டியை நாடுவதே நலம்.

விற்பவரின் கடமை

ஸ்கேனர் மைத்துனருக்கு மற்றொன்றையும் காட்டியது. கியர்பெட்டிச் சூடு பற்றிய பதிவுகள், அவர் காரை வாங்குவதற்கு முன்பிருந்தே இருந்தன. விற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்தக் காரைக் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல விலை பேசினார். சமதரையில் ஓட்டிக் காட்டினால் எந்தக் குறையும் தெரியாது. "எனக்குச் சொன்னாங்களா? நான் மட்டும் ஏன் சொல்லணும்?" என்று மைத்துனர் என்னிடம் கேட்டார். பதினான்கு ஆண்டு உழைப்பில் வாங்கியவரின் கேள்வி அது; எளிதில் தள்ளிவிட முடியாது.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்டினேன். மறைக்கப்பட்ட குறையைக் கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் மார்க்கச் சட்டம் வாங்கியவருக்கு வழங்கியிருப்பதையும் சொன்னேன். தானியத்தின் ஈரமாயினும் கிளட்சின் தேய்மானமாயினும் சட்டம் ஒன்றே. ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் பேசப்பட்டதும் ஒருவகையில் இந்தக் குவியலின் ஈரம்தானே!

மைத்துனர் அன்றிரவு முழுவதும் பேசவில்லை. மறுநாள் மெக்கானிக் எழுதித் தந்த சீட்டை வந்தவரின் கையில் கொடுத்தார். அவர் நன்றி கூறிவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. வீட்டுக்குத் தரை போட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கிளட்ச் மாற்றினார்கள். தரை இன்னும் சிமெண்டாகவே இருக்கிறது. தங்கைக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

அன்பர்களே! அடுத்த சாரலுக்குக் குற்றாலம் செல்வோர் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். நெரிசலும் குறையும், கிளட்சும் பிழைக்கும். பழைய கார் வாங்குவோர் ஏற்றத்தில் சோதித்து வாங்குங்கள். விற்போர் குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். நாம் சொல்லாமல் விட்ட ஒரு குறை, குழந்தைகளோடு மலைச்சாலையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தின் துயரமாகலாம். நம் கொடுக்கல் வாங்கல்களில் வல்ல அல்லாஹ் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.