வெட்டி இழுக்கும் மொறிஸ் மைனர்

"மெல்லமா மிதிச்சா வெட்டி வெட்டி இழுக்குது தம்பி. முழுசா மிதிச்சா ஒண்டுமில்லை."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மொறிஸ் மைனரின் கோளாறை இப்படிச் சொன்னார். மெக்கானிக் உடனே காரைத் தொடவில்லை. "பாலத்தில ஏறேக்க எப்பிடி சேர்?" என்று கேட்டார். "பாலத்தில நல்லா ஏறுது. சமதரையில ஒரே சீரா ஓடேக்கதான் கரைச்சல்." மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டுப் பொனட்டைத் தூக்கினார். அந்தப் பதிலுக்குள் பாதி விடை இருந்தது எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது.

அவரது கராஜ் இருப்பது கட்டைபறிச்சானில். மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் கொட்டியாரக் குடாப் பக்கம் இருக்கும் ஊர் அது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. அவர்களது காணிகள் 2015, 2016 இல்தான் விடுபட்டன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த வழியால் திருகோணமலைக்குப் போகும் வாகனம் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டியிருந்தது. இப்படியான இடத்தில் வாகனம் நின்றால் ஊருக்குள் இருக்கும் கைகள்தான் பார்க்கவேண்டும். அந்தக் கைகளைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

ஆசிரியரின் காரில் இருப்பது 1098 சிசி எஞ்சின். 1962 தொடக்கம் மைனருக்குப் போட்டது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் அனுமதி திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் கொட்டிலுக்குள் கிடந்த பழைய கார்களுக்கு மறுபடி மதிப்பு வந்தது. இந்தக் காரும் அப்படி வெளியே வந்ததுதான்.

வெட்டு தொடங்கி மாதக்கணக்காகிறது. வேறு இடங்களிலும் காட்டியிருக்கிறார். பிளக் நாலும் புதிது, கொயில் புதிது, பொயின்ற்றும் கொண்டென்சரும் புதிது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவியுமாயிற்று. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

மெக்கானிக் எஞ்சினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டார். காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பிளக் வயரை உருவினார். எஞ்சின் தடுமாறியது. மாட்டிவிட்டு அடுத்ததை உருவினார். மறுபடி அதே தடுமாற்றம். நாலுக்கும் ஒரே அளவு. ஏதாவது ஒன்றை உருவும்போது எஞ்சினில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். பிளக்கோ வால்வோ கஸ்கெற்றோ என்று அங்கே தேடலாம். இங்கே நாலும் உழைக்கின்றன. அப்படியானால் குற்றம் நாலுக்கும் பொதுவான ஓரிடத்தில். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். கரி இல்லை, ஒயில் ஈரம் இல்லை, வெளிறவும் இல்லை, நல்ல மண்ணிறம்.

அடுத்த கேள்வி: எண்ணெயா, நெருப்பா? பெற்றோல் போதாத எஞ்சின் மெல்லச் சோரும், மெல்லத்தான் தேறும். நெருப்புத் தவறினால் சட்டென்று வெட்டும், சட்டென்று பிடிக்கும். ஆசிரியர் சொன்னது வெட்டு. ஆனாலும் அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. ஆசிரியரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறினார். நான் பின்னால் இருந்தேன். வெட்டு வந்ததும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். காற்றுக் கூடி எண்ணெய் குறைந்ததுதான் காரணமென்றால் அப்போது சுகப்பட வேண்டும். சுகப்படவில்லை. எண்ணெய் விடுபட்டது.

இந்தக் காதும் கையும் எங்கே பழகின என்று கேட்டேன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கராஜ் ஒன்றில் பெடியனாக நின்றவர் அவர். 1990 இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது; மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். பாரம் இழுக்கும்போது எஞ்சின் இடிக்கும். அந்த இடியைக் குறைக்க ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். எந்தக் கைநூலிலும் இல்லாத அளவுகளைக் காதால் கேட்டுத்தான் வைத்தார்கள். புதுச் சாமான் வராது. கெட்டதைத் திருத்தவேண்டும், திருத்த எது கெட்டதென்று தெரியவேண்டும். பட்ட துன்பத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தத் துன்பத்துக்குள் உருவான அறிவு எங்கும் எழுதப்படாமல் வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

கராஜுக்குத் திரும்பியதும் அவர் செய்த காரியம் மிகச் சின்னது. காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வக்கூம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்தார். "இப்ப ஓடிப் பாருங்கோ சேர்." சம்பூர் வீதியில் கார் ஒரு தடவைகூட வெட்டவில்லை.

ஏன்? மைனர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால், டிஸ்ரிபியூற்றர் நொடிக்கு 100 பொறி கொடுக்கவேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் பொயின்ற் ஒருமுறை திறந்து மூடும். அந்தப் பொயின்ற் இருப்பது அசையும் ஒரு தட்டில். மெல்ல மிதித்து ஓடும்போது வக்கூம் அந்தத் தட்டை இழுத்து, பொறியைச் சற்று முன்கூட்டியே விழச்செய்கிறது. முழுதாக மிதித்தால் வக்கூம் விழுந்துவிடும். தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். சும்மா ஓடும்போதும் தட்டு அசைவதில்லை. ஆக, தட்டு நகரும்போது மட்டுமே எஞ்சின் வெட்டியிருக்கிறது. கொயிலோ கொண்டென்சரோ சோர்ந்திருந்தால் பாலம் ஏறும்போதுதான் கூடுதலாக வெட்டியிருக்கும். ஆசிரியர் காலையில் சொன்னதும் இதைத்தான்.

கப்பைக் கழற்றி, ரோட்டரை எடுத்து, தட்டை விரலால் மெல்லத் திருப்பினார். தட்டையும் உடலையும் இணைக்கும் சின்ன எர்த் வயர் அங்கே இருந்தது. பார்வைக்கு முழுசு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் தூக்கியபோது, நுனியில் ஓரிரு இழைகளில் அது தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. பல ஆண்டு ஆடி ஆடி மற்ற இழைகள் அறுந்திருந்தன. தட்டு நகரும்போது அந்தத் தொடர்பு விட்டுப்போய்த்தான் பொறி தவறியது. புதுப் பொயின்ற் போட்டவர் எவருடைய கண்ணிலும் அது படவில்லை.

மாற்றுவதிலும் நுணுக்கம் இருந்தது. கைக்குக் கிடைத்த வயரைப் போட்டால் அதன் விறைப்புத் தட்டை ஆடவிடாது, கெதியில் அறுந்தும் போகும். நுண்ணிய இழைகள் கொண்ட மெதுவான வயரைத் தேடியெடுத்து, ஈயம் பற்றவைத்து, வளைவு விட்டுப் பொருத்தினார். பிறகு பொயின்ற் இடைவெளியை ஃபீலர் கேஜால் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைத்தார். கடற்காற்றுக்குக் கப்பில் ஈரம் படியும் ஊர் என்பதால், இருட்டியபின் பொனட்டைத் திறந்து வயர்களில் எங்காவது நீலப்பொறி ஒழுகுகிறதா என்றும் பார்த்தார். இல்லை.

மூதூர் வீதிகளில் இன்று ஓடும் விற்ஸ், வாகன் ஆர் போன்ற கார்களுக்கு ஸ்கேனர் உண்டு. பி0301 என்று காட்டினால் முதலாம் சிலிண்டர் தவறுகிறது என்று அர்த்தம். கிராங்கின் வேகம் ஒரு கணம் தளர்வதை அளந்தே அது கண்டுகொள்கிறது. நல்ல கருவிதான்; வேண்டாமென்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் எது தவறுகிறது என்று சொல்லும் கருவி, ஏன் தவறுகிறது என்பதை மனிதனிடம்தான் விடுகிறது. குறியீட்டைப் பார்த்ததும் சாமானை மாற்றிவிடும் பழக்கம் இளம் மெக்கானிக்குகளிடம் வளர்ந்துவருகிறது. ஆசிரியரின் பழைய பில்களும் அதே கதையைத்தான் சொல்லின.

கூலி எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டார். மெக்கானிக் கேட்டது வயர் பற்றவைத்த வேலைக்கான சிறு தொகை. தேடலில் போன ஒரு முழுநாள் அந்தக் கணக்கில் இல்லை. ஆசிரியர் பெரிய மனிதர், கூட்டித்தான் கொடுத்தார். எல்லோரும் கொடுப்பதில்லை. "இந்த வயர்த் துண்டுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களைத்தான் அவர் அதிகம் கண்டிருக்கிறார். சாமான் மாற்றினால் கேட்காமல் காசு வருகிறது, கண்டுபிடித்தால் வருவதில்லை என்றால், அவரிடம் நிற்கும் பெடியன் எதைப் பழகுவான்?

பழைய கார் வைத்திருப்பவர்களே, எஞ்சின் மிஸ் அடித்தால் சாமான் கடைக்குப் போகாதீர்கள். எப்போது வெட்டுகிறது, எப்போது வெட்டவில்லை என்பதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கோளாறைத் தேடும் நேரத்துக்குத் தனிக் கூலி என்று முதலிலேயே பேசி, அதைக் கொடுத்துவிடுங்கள்.