கால் காட்டு

சித்திரை மாதம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கோயிலின் திறந்த பிராகாரம். பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல், இரவு எட்டு மணிக்கும் சூடு விடவில்லை. என் மாணவி தில்லானாவை முடித்துவிட்டு வந்து சலங்கையைக் கழற்றினாள். ஈரத்துணியால் காலைத் துடைத்தாள். சிவப்பு போகவில்லை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. குதிகால் வெடிப்பு ஆழமாகப் பிளந்திருந்தது.

"ஏன்டி சொல்லலே?"

"அல்தாவுல தெரியாதுன்னு நெனச்சேன் டீச்சர்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மறைக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். பதினாறு வயதில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே இடத்தில் வலி என்று என் ஆசிரியரிடம் சொன்னேன். வலியைத் தாண்டினால்தான் கலை என்றார். தாண்டினேன். ஆறு மாதம் கழித்து எலும்பில் மெல்லிய விரிசல் என்றார் டாக்டர். சில வருடங்களில் பெண் பார்க்க வந்தார்கள். "காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கடி, களையெடுக்கிறவ கால் மாதிரி இருக்கு" என்று காதருகே சொன்னாள் அம்மா. மேடையில் வலியை மறைத்தேன். கூடத்தில் காலையே மறைத்தேன்.

களையெடுக்கிற கால் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் அப்பத்தா சோழவந்தான் வயல்களில் நாற்று நட்டவள். நடவுக் காலத்தில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து மருதாணியை அரைத்துப் பூசிக்கொள்வாள். "கிழவிக்கு அலங்காரத்தைப் பாரு" என்று தெருவில் சிரிப்பார்கள். அவளுக்கு அது மருந்து. "சோறு போடுறது இந்தக் காலுதான். இதைப் பாக்காம மூஞ்சியைப் பாத்து என்ன செய்ய?" என்பாள்.

மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி, பரதத்துக்கு வருமுன் பாலே கற்றவர். ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்ததுதான் அதற்குத் தொடக்கம். பாலே பெண்கள் விரல் நுனியில் நிற்பதற்கென்று தனிச் செருப்பு உண்டு. பாவ்லோவாவின் பாதம் வளைவு அதிகமானது. அதனால் அவர் செருப்பைத் தன் காலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நமக்குச் செருப்பே இல்லை. தட்டடவில் முழுப் பாதமும் நேரே தரையில் அறைகிறது. அப்படியென்றால் தரைதான் நம் செருப்பு. அதை ஏன் நாம் மாற்றவில்லை?

என் வகுப்பு ஒரு வாடகை மாடி. கான்கிரீட்டின் மேல் டைல்ஸ். அந்தச் சித்திரைக்குப் பிறகு ரப்பர் விரிப்பும் அதன்மேல் பிளைவுட் பலகையும் போட்டேன். இதற்கெல்லாம் எதற்குக் காசு என்று கேட்ட பெற்றோர் உண்டு. சேலைக்கும் நகை செட்டுக்கும் அவர்கள் அப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கால் நீட்ட வேண்டும். பயிற்சி முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்கச் சொல்கிறேன். ராத்திரி தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்ட வேண்டும். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. சலங்கைக்கு அடியில் பருத்தித் துணி சுற்ற வேண்டும். உள்ளங்காலில் தடித்த தோலை அசிங்கமென்று முழுக்கத் தேய்த்து எடுக்காதே, ஆடுகிறவளுக்கு அது காவல் என்கிறேன். வெடிப்பில் ரத்தம் வந்தால் ஆறும்வரை ஆட்டம் கிடையாது. எலும்பில் ஓரிடம் தொட்டாலே வலித்தால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். கடைசியாக, "ஒழுங்கா சாப்பிடுறியா? மாசாமாசம் வருதா?" இடுப்பு மெலிய வேண்டுமென்று பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். எலும்பும் பலம் இழக்கும். விரிசல் விழ அது போதும். முதலில் வெட்கப்பட்டார்கள். இப்போது அவர்களே சொல்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக அவளுடைய அம்மா வந்திருந்தார். ஜவுளிக்கடையில் வேலை. பிள்ளைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார்.

"உக்காருங்கக்கா. கடையிலதான் நாள் பூரா நிக்கிறீங்க. உக்கார இடம் கொடுக்கணும்னு 2021-லேயே சட்டம் வந்துருச்சே?"

"ஸ்டூல் போட்டிருக்காங்க டீச்சர். உக்காந்தாத்தான் மொறைக்கிறாங்க."

சிரித்தார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். கால் வீங்கியிருந்தது. குதிகாலில் மகளுக்கு இருந்த அதே வெடிப்பு.

"எனக்கும் பாருங்க" என்றார்.