போல்ட் தலையில் மூன்று கோடுகள்

மேசைமேல் இரண்டு போல்ட்டுகள் கிடந்தன. நீளமும் மரையும் ஒன்றுதான். எதைப் போட்டாலும் அந்த இடத்தில் பொருந்தும், வண்டியும் ஓடும். ஒன்றின் தலையில் மூன்று கோடுகளும் ‘டி.ஆர்.’ என்ற எழுத்துகளும் இருந்தன. மற்றதன் தலையில் ஆறு கோடுகள். அமெரிக்கக் கணக்கில் மூன்று கோடு ஐந்தாம் தரம், ஆறு கோடு எட்டாம் தரம். எட்டாம் தரம்தான் வலு அதிகம்.

“வலுவானதைப் போடுவதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் 1969-இல் நார்வுட் ஆலையில் இந்த இடத்தில் முடுக்கியது மூன்று கோடு. நானும் அதைத்தான் முடுக்குவேன்” என்றார் பட்டறைக்காரர். எழுபதை நெருங்கும் வயது. விரல் இடுக்கெல்லாம் கருத்துப் போயிருந்தது.

ஓஹாயோ மாநிலத்தின் தென்மேற்கில், சின்சினாட்டிக்கு வெளியே இருக்கிறது அவர் பட்டறை. பழைய மசில் கார்கள் ஆலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே திரும்பக் கட்டித் தருவது தொழில். நடுத்தர அளவு உடலில் பெரிய இன்ஜினை வைத்து, வேலைக்குப் போகும் இளைஞன் வாங்கக்கூடிய விலைக்கு விற்ற வண்டிகள் அவை. 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து சந்தை சூடுபிடித்தது. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து எழுபதுகளின் முற்பாதியில் அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

நான் போனபோது லிஃப்டில் நின்றது 1969 மாடல் செவர்லே கமாரோ இசட் 28. அன்றைய டிரான்ஸ்-ஆம் பந்தய விதிப்படி இன்ஜின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அந்த விதிக்குள் அடங்க 302 கன அங்குல இன்ஜினைச் செய்து, பந்தயத்துக்கு அனுமதி வாங்குவதற்காகப் பொதுமக்களுக்கும் விற்றார்கள். 1969 மாடலில் இசட் 28 மட்டும் 20,302 விற்றது. இந்த வண்டி பிறந்த நார்வுட், சின்சினாட்டியை ஒட்டிய ஊர்தான். அங்கே கமாரோ கட்டிய ஆலை 1987-இல் மூடப்பட்டுவிட்டது.

சுவர் ஓரம் முழுக்கத் தட்டுகள். அஞ்சறைப் பெட்டி மாதிரி அறை அறையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் போல்ட், நட்டு, வாஷர், கிளிப். ஒவ்வொரு அறையிலும் ஒரு சீட்டு: எந்த மட்கார்டு, எந்தப் பக்கம், மேலிருந்து எத்தனையாவது. ஒரே மட்கார்டில் இரண்டு வெவ்வேறு கம்பெனி போல்ட்டுகள் இருந்ததாக எழுதிய சீட்டும் பார்த்தேன். ஆலைக்குப் பல கம்பெனிகள் போல்ட் அனுப்பின. வரிசையில் நின்றவர் கைக்குக் கிடைத்த டப்பாவிலிருந்து எடுத்து முடுக்கினார். அதையும் மாற்றாமல், ‘டி.ஆர்.’ முத்திரை இருந்த இடத்தில் ‘டி.ஆர்.’, ‘ஆர்.பி.டபிள்யூ.’ இருந்த இடத்தில் அதுவே என்று திரும்பப் போடுகிறார்கள்.

செவர்லேயில் இத்தனை நுணுக்கம் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு வண்டி என்றால், 1967 முதலான ஆலைப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டியிடம் பணம் கட்டி அந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று அறிக்கை வாங்கலாம். பான்டியாக்குக்கும் அப்படி ஓர் ஆவணச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோல் டேங்க்கின் மேல் செருகி மறந்துபோன கட்டுமானச் சீட்டு எலி கடிக்காமல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வண்டியில் இருக்கும் பொருள்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

பொருள் சாட்சி சொல்லவும் செய்கிறது. இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம் ‘சி 11 9’ என்று வார்ப்பிலேயே புடைத்திருந்தது. ஏ ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். ஆக, 1969 மார்ச் 11-இல் வார்த்த இரும்பு. முன்பக்க மேடையில் ‘வி 0314 டி இசட்’ என்று குத்தியிருந்தது. பிளின்ட் ஆலையில் மார்ச் 14-இல் கோத்த, இசட் 28-க்கான இன்ஜின் என்று பொருள். வண்டி உடலில் அறைந்த தகடு ‘03 டி’ என்கிறது, அதாவது மார்ச் நான்காம் வாரம். பிளக் ஒயரின் உறையில்கூட 1969-இன் முதல் காலாண்டு என்று அச்சிட்டிருக்கும். முதலில் வார்ப்பு, பிறகு இன்ஜின், அதற்குப் பிறகு வண்டி. ஜூன் மாதத்து ஆல்டர்னேட்டர் இதில் இருந்தால் அது பிற்பாடு யாரோ மாற்றியது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய சரக்கு விற்கும் ஹெர்ஷி, கார்லைல் சந்தைகளில் வண்டி புதுப்பிப்பவர்கள் டார்ச்சை வைத்துக்கொண்டு தேடுவது இந்தச் சின்ன எழுத்துகளைத்தான். டீலரிடம் உதிரிபாகமாக விற்ற, டப்பா பிரிக்காத பழைய பாகம் கிடைத்தாலும் உடனே வாங்கிவிட முடியாது. ஆலை வரிசைக்குப் போனதும் உதிரிபாகக் கடைக்குப் போனதும் பல சமயம் வேறு வேறு முத்திரையும் வேறு பூச்சும் கொண்டவை.

ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப்பைப் பார்த்தாலே பட்டறையின் தரம் தெரிந்துவிடும் என்கிறார் பெரியவர். இன்று எந்தக் கடையிலும் கிடைப்பது, திருகைத் திருப்பினால் பட்டை நகர்ந்து இறுகும் வகை. செவர்லேயைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் அன்று போட்டது சிகாகோவின் விட்டெக் கம்பெனி செய்த, கோபுரம் போல நிமிர்ந்த திருகுக் கிளாம்ப். கிரைஸ்லர் வண்டிகளில் கம்பிச் சுருளால் ஆன ஸ்பிரிங் கிளாம்ப். பல லட்சம் செலவழித்துப் பெயின்ட் அடித்த வண்டியின் பானெட்டைத் திறந்ததும் புதுக் கிளாம்ப் கண்ணில் பட்டால் அவருக்கு வயிறு எரிகிறதாம்.

நான் அதிக நேரம் நின்றது பூச்சுப் பகுதியில். புதிதாய் வாங்கியது போலப் பளபளக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆலையில் இருந்து வந்த ஒவ்வொரு துண்டு இரும்புக்கும் ஒரு நிறம் இருந்தது. சில போல்ட்டுக்குக் கறுப்பு, சிலதுக்குச் சாம்பல், சிலதுக்கு மங்கிய வெள்ளி, பிரேக் பூஸ்டருக்கு வானவில் ஓடும் பொன்மஞ்சள். அன்று இளைஞர் ஒருவர் பானெட் கீல் ஒன்றுக்குப் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டிருந்தார். முதலில் கண்ணாடி மணிகளைக் காற்றில் பீய்ச்சித் துருவை எடுத்தார். மணலால் அடித்தால் சொரசொரப்பு கூடி, பூச்சு கறுத்து விடுமாம். பிறகு கம்பியில் கட்டித் தொட்டியில் இறக்கினார். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல். இறங்கியதுமே இரும்பைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் கிளம்பின. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குமிழியையே பார்த்தார். அது அடங்கியதும் தூக்கினார். வெளிறிய சாம்பல் நிறம், தொட்டால் சுண்ணாம்புச் சுவர் போல விரலில் ஒட்டும் வறட்சி. நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெயில் முக்கியதும் நிறம் ஒரு படி இறங்கி ஆழமானது. பக்கத்தில் வைத்திருந்த, எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் அரைநூற்றாண்டு மறைந்திருந்த மூலக் கீலின் துண்டோடு ஒப்பிட்டார். திருப்தி இல்லை. மணிகளைப் பீய்ச்சுவதிலிருந்து மறுபடி தொடங்கினார்.

காட்மியம் முலாம் மட்டும் வெளியே போகிறது. காட்மியம் நஞ்சு என்பதால் அதைப் பூசும் இடங்கள் குறைந்துவிட்டன. பலரும் துத்தநாகத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனால் துத்தநாகத்தில் இருக்கும் நீலச் சாயல் காட்மியத்தில் கிடையாது, தேர்ந்த கண் கண்டுபிடித்துவிடும். முலாம் பூசும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். உடனே சுமார் 190 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுடவைக்காவிட்டால், அழகான போல்ட் ஒரு நாள் சொல்லாமல் ஒடியும். பிரேக், ஸ்டியரிங் பக்கம் வரும் போல்ட்டுகளில் மரை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பெரியவர் தூக்கிப் போட்டுவிடுகிறார். அங்கே முத்திரையைவிட உயிர் முக்கியம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒயரிங் மேசையில் ஒரு பெண், ஐம்பதைக் கடந்தவர், ஒயர்க் கட்டுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். பசையில்லாத வினைல் டேப். ஆலையில் சுற்றியதும் அதுதான். சாதாரண எலெக்ட்ரிக்கல் டேப் சுற்றினால் வெயிலில் பசை கசிந்து பிசுபிசுக்கும். பசை இல்லாததால் ஒவ்வொரு சுற்றையும் இழுவை குறையாமல் பாதி மேல் பாதி ஏற்றி, முனையை அடியில் சொருக வேண்டும். அவர் வலது கை சுற்ற, இடது கைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே நகர்ந்தது. பேச்சுக் கொடுத்தேன், கை நிற்கவில்லை.

என்னை அதிகம் பாதித்தது அடிப்பாகம். வண்டியைக் கழுவும் முன் மெல்லிய கரைப்பானில் துணியை நனைத்து, அழுக்கை ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு வண்ணக் கோடு தெரிகிறது. அது எந்த ஷாஃப்ட் என்று வரிசையில் நின்றவருக்குச் சொன்ன அடையாளம். ஃபயர்வாலில் மெழுகுப் பென்சிலால் அவசரமாக எழுதிய எண். முடுக்கியாயிற்று என்று சரிபார்த்தவர் நட்டின் மேல் வைத்த பெயின்ட் பொட்டு. இன்ஜினுக்கு ஆரஞ்சு அடித்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலும் தெறித்த பெயின்ட். வண்டி ஓடத் தொடங்கியதும் அது எரிந்து போய்விடும். ஆனாலும் இங்கே அதையும் அடிக்கிறார்கள். எழுத்தின் கோணம், பொட்டின் அளவு, கோடு எங்கே தொடங்கி எங்கே கலைந்தது எல்லாம் படம் எடுத்து, அளந்து, பிறகு அதே இடத்தில் திரும்ப வரைகிறார்கள்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. ஓடும் வரிசையோடு ஓடி ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தவர்கள். வேலைப்பளு தாங்காமல் 1972-இல் நார்வுட் தொழிலாளர்கள் 174 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதியில் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அடுத்த ஆண்டின் பம்பர் விதிக்குப் பொருந்தாமல் கழிவாகின. இந்த வண்டிகளைப் பற்றிய புத்தகங்கள் குதிரைத்திறனைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஒரு மெழுகுப் பென்சில் கிறுக்கலைக் காப்பாற்றும் இந்தப் பட்டறைதான் தொழிலாளியின் கைக்கு மரியாதை செய்கிறது என்று எனக்குப் பட்டது.

அதனாலேயே இந்தத் தொழிலின் இருட்டுப் பக்கம் கோபம் வரவைக்கிறது. இன்ஜின் மேடையில் எண் குத்துவதற்கு முன், பிளாக்கை மட்டப்படுத்திய ஆலை இயந்திரம் நேர்கோட்டில் மெல்லிய கீறல்களை விட்டிருக்கும். பிற்காலத்தில் எங்காவது பிளாக்கின் மேற்பரப்பை இழைத்தால் எண்ணும் போகும், கீறலும் போகும். வேறு வண்டியின் பிளாக்கை வாங்கி, இழைத்து, புது எண் குத்தி, கீறலையும் போலியாகப் போட்டு மூல இன்ஜின் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் அப்படி ஒரு வேலையும் எடுப்பதில்லை. எண் இல்லாத பிளாக்கை எண் இல்லாததாகவே எழுதிக் கொடுக்கிறார். தேதியைத் தேடிப் பொருத்துவதும் தேதியைப் பொய்யாகக் குத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் ‘சரியான வண்டி’ என்று ஒரே பெயரில் விற்கும் சந்தைதான் இந்தக் கலையைக் கெடுக்கிறது.

பளபளப்பைப் பற்றியும் அவருக்கும் சில வாடிக்கையாளர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அன்று அடித்தது அக்ரிலிக் லாக்கர். கதவு விளிம்பில் மெலிந்திருக்கும், அங்கங்கே ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி தெரியும். இன்றைய பெயின்ட்டை அடித்து, தேய்த்து, கண்ணாடியாக்கினால் கண்காட்சியில் கூட்டம் சேரும். ஆனால் நார்வுட்டிலிருந்து அப்படி ஒரு வண்டியும் வெளிவரவில்லை. நான் பெரியவர் பக்கம்தான். ஒருபடி மேலே போய்ச் சொல்வேன்: துரு தின்னாமல், யாரும் கை வைக்காமல் பிழைத்த வண்டி கிடைத்தால் அதைப் புதுப்பிக்கவே கூடாது. சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட்டில் நவம்பர் தோறும் நடக்கும் மசில் கார் கண்காட்சியில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று தனியாக மதிப்பீடு நடப்பது நல்ல காரியம். அவைதான் மற்ற எல்லா வண்டிகளுக்கும் பாடப்புத்தகம்.

பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி, யாரோ ஆர்வத்தில் கழற்றிப் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் விட்டவை. உடல் ஒரு லாரியில் வரும். எல்லாப் போல்ட்டும் ஒரே வாளியில் கலந்து வரும். எந்தப் போல்ட் எந்த இடம் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு ஷெட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி நின்றால், அது எந்த நாட்டு வண்டியானாலும், மெக்கானிக் ஸ்பானர் எடுக்கும் முன் நாலு பக்கமும் அடியிலும் படம் எடுங்கள். கழுவ விடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, இடத்தை எழுதி ஒட்டுங்கள். துருப்பிடித்தது, வளைந்தது, உடைந்தது எதையும் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.